தாய்மாமன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்

பாப்பா,

இன்று வியாழக்கிழமை. காலை பதினொன்று இருபது. என் மேசைமேல் உன் தம்பியின் காதணி விழாப் பத்திரிகையின் மாதிரி அச்சு கிடக்கிறது. பெயர்கள் நாற்பத்தொன்று. கைபேசி எண்கள் முப்பத்து மூன்று. எண்ணிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் திருத்தம் சொல்லாவிட்டால் அப்படியே ஓட்டிவிடுவேன் என்று அச்சகக்காரர் சொல்லியிருக்கிறார். காத்திருக்கட்டும். அதற்கு முன் உனக்குச் சொல்லவேண்டியது ஒன்று இருக்கிறது.

உனக்கு இப்போது நாலு வயது. 'அ' எந்தப் பக்கம் வளையும் என்று சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாய். உன் பெயரில் நீ முதல் சிம் வாங்குகிற அன்று படிப்பதற்காக இதை எழுதுகிறேன். அப்போது உனக்குப் பதினெட்டு முடிந்திருக்கும், எனக்கு நாற்பத்தைந்து ஆகியிருக்கும். அந்த வயதில் நான் நிதானமாகி, போனால் போகிறது என்று சொல்லப் பழகி, எதையும் சர்க்கரை போட்டுச் சொல்கிற ஆளாகியிருக்கலாம். அந்த ஆள் இந்தக் கதையைச் சொன்னால் நம்பாதே. சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த கடிதமாக எழுதுகிறேன். வெளியே தெரிந்தால் கேவலம் என்று குடும்பங்கள் வாயை மூடிக்கொள்வதை நம்பித்தான் போனில் ஏமாற்றுகிற கூட்டம் கடை நடத்துகிறது.

வீரணன் மாமாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கு அண்ணன். எனக்கு மச்சான். உசிலம்பட்டிக்கு மேற்கே, மழை பெய்தால் மட்டும் பச்சையாகிற காட்டில், அப்பா அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறார். ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். அதன்பின் அவருக்கு எல்லாமே மெதுவாகத்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நாம் ஒன்று சொன்னால் அதை உள்ளே எடுத்துக்கொண்டுபோய் ஓரிடத்தில் வைத்துவிட்டு, பிறகுதான் பதிலோடு வெளியே வருவார். அதுவரை காத்திருக்கிற பொறுமை ஊரில் யாருக்கும் கிடையாது, எனக்கும் பல நாள் இருந்ததில்லை. பெண் கொடுக்க யாரும் முன்வராததால் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பசுமாடு வைத்திருந்தார். பால் பணம் நேராகக் கணக்கில் ஏறட்டும் என்று நான்தான் அவருக்குத் தொடுதிரைப் போன் வாங்கிக்கொடுத்து, பணம் அனுப்புகிற ஆப்பும் போட்டுக்கொடுத்தேன். அந்தப் போனில் அவர் விரும்பிச் செய்கிற காரியம் ஒன்றே ஒன்று. தினம் சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வந்து வீடியோ காலில் உன் முகத்தைப் பார்ப்பது. நீ மிக்சரை எடுத்துக் கேமராவுக்கு ஊட்டுவாய். அவர் அங்கே வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். எண்ணெய் படிந்த என் போன் கண்ணாடியைத் தினமும் துடைப்பவன் நான்.

போன தை மாதம் கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்து அய்யனார் கோயிலில் உனக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்தவேண்டும், தாய்மாமன் கொண்டுவந்த தோட்டைத்தான் போடவேண்டும். நம் பக்கத்தில் இதற்கு மாற்றே கிடையாது. ஆகவே பத்திரிகையில் முதல் வரி அவருடையது. அதுவரை ரேஷன் அட்டையிலும் ஆதார் அட்டையிலும் தவிர அவர் பெயர் எங்கும் அச்சானதில்லை. பத்திரிகையைக் கையில் கொடுத்தபோது, 'தாய்மாமன்' என்பதையும் 'வீரணன்' என்பதையும் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு உன்னை மடியில் வைத்திருந்தார். ஊசி இறங்கியபோது நீ அழுததைவிட அவர்தான் அதிகம் அழுதார்.

அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அவர் எண்ணும் இருந்தது. எல்லார் பெயருக்குப் பக்கத்திலும் இருந்தது. இது நம் ஆட்களுக்கே உரிய வியாதி. பத்திரிகை என்றால் பெரியப்பா, சித்தப்பா, மாமன், மச்சான், பங்காளி அத்தனை பேரும் வரவேண்டும். பெயருக்குப் பின்னால் படிப்பு, படிப்புக்குப் பின்னால் வேலை, வேலைக்குப் பின்னால் செல் நம்பர். நம்பர் விட்டுப்போனால், "ஏன், எங்கிட்ட போனே இல்லன்னு நெனச்சீகளோ?" என்று ஒருவர் சாப்பிடாமல் போவார். பிறகு அதே பட்டியலை முகங்களோடு பிளக்ஸாக அடித்து ரோட்டு முக்கில் கட்டவேண்டும். அதைப் படமெடுத்து எல்லாரும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கவேண்டும். யார் யாருக்கு என்ன உறவு, யார் என்ன வேலை, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்பதை எல்லாம் நாமே வரிசைப்படுத்தி, மஞ்சள் குங்குமம் வைத்து, ரோட்டில் தொங்கவிடுகிறோம். நான் நெட்வொர்க் இன்ஜினியர். அலுவலகத்தில் ஒரு ரவுட்டரின் பாஸ்வேர்டை எவனாவது துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டினால் கத்துவேன். என் பெயருக்குப் பக்கத்தில் என் எண்ணைப் பார்த்தபோது கத்தவில்லை. எழுத்து பெரிதாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. விளாங்குடியில் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடியில் அறுந்துபோன ஃபைபர் கேபிளை ஒட்டிக்கொண்டிருந்தேன். மாமா கூப்பிட்டார்.

"மாப்ள, எங்க இருக்கீக?"

"வேலையா இருக்கேன் மச்சான். சட்டுனு சொல்லுங்க."

"ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். ஒரு அட்ரஸுக்குப் போகணும். ஆட்டோக்காரவுக ஒருத்தருக்கும் தெரியலங்கிறாக."

"அங்க என்ன சோலி ஒங்களுக்கு?"

"காதுகுத்து மாப்ள. நேரமாச்சு. தாய்மாமன் போகாம எப்படி ஆரம்பிப்பாக?"

அவருக்கு இருப்பது ஒரே தங்கச்சி. ஒரே மருமகள் நீ. உனக்குக் காது குத்தியாகிவிட்டது. உன் தம்பிக்கு இன்னும் நாளே குறிக்கவில்லை. கேபிளை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் அதே பட்டு வேட்டியோடு நின்றார். தலையில் எண்ணெய் வழிந்தது. கையில் துணி போட்டு மூடிய தாம்பாளம். துணியை விலக்கிப் பார்த்தேன். வாழைப்பழம், கற்கண்டு, பூ, ஐந்து சின்னக் கவுன்கள், ஐந்து ஜோடிக் கண்ணாடி வளையல்கள். பஸ்ஸில் நெரிசலில் ஒரு வளையல் உடைந்துவிட்டதாம். அதற்குத்தான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

போனை வாங்கிப் பார்த்தேன். கதை முழுவதும் அதில் இருந்தது. ஒரு பெண் பேசியிருக்கிறாள். ஒரு குழந்தைகள் காப்பகத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அப்படி ஒன்று எங்கும் கிடையாது. அந்தப் பெயரை இங்கே எழுதி அதற்கு ஒரு வரி மரியாதைகூடத் தரமாட்டேன். எடுத்த எடுப்பிலேயே, "தாய்மாமன் வீரணன் அண்ணனா பேசுறது?" என்றிருக்கிறாள். மாமா என்னிடம் இதைச் சொன்னபோதுகூட அவர் முகத்தில் அந்தச் சந்தோஷம் மிச்சமிருந்தது. எங்கள் காப்பகத்தில் ஐந்து பெண் குழந்தைகள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் காது குத்துகிற வயது, மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் இல்லை, உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம், நீங்கள் அவர்களுக்குத் தாய்மாமனாக இருக்கமுடியுமா? இப்படி. முதலில் சாப்பாட்டுக்குப் பணம். அப்புறம் துணிக்கு. அப்புறம் ஐந்து ஜோடித் தோட்டுக்கு. தோட்டுக்காகச் செவலைப் பசுவை உசிலம்பட்டிச் சந்தையில் விற்றிருக்கிறார். கேட்டால், "அதுக்கென்ன மாப்ள, இன்னொன்னுதான் கறக்குதே" என்கிறார்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"மொதல்லயே சொன்னா நல்லா இருக்காதுன்னாக. விழாவன்னிக்கு மைக்குல பேரு வாசிப்பாகளாம். அப்பத் தெரிஞ்சாப் போதும்னாக."

மொய்யை மைக்கில் வாசிக்கிற ஊரில் இதை யார்தான் சந்தேகப்படுவார்கள்? விசேஷ வீட்டில் தாய்மாமன் சீர் வாசிக்கப்படும்போது கூட்டமே சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். மாமா நாற்பது வருடமாக அடுத்தவர்கள் பெயரை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவர். ஒருவரை வாய் திறக்காமல் வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல பூட்டை எந்த இன்ஜினியரும் கண்டுபிடிக்க முடியாது.

அவர்கள் ஒரு பாராட்டுச் சான்றிதழும் அனுப்பியிருந்தார்கள். பூ வேலைப்பாடு, தங்க நிறக் கரை, நடுவில் மாமாவின் படம். 'தாய்மாமன் திரு. வீரணன் அவர்கள்.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டு வேட்டி, பின்னால் ஆலமரம். உன் காதணி விழாவில் எடுத்து எல்லாரும் ஸ்டேட்டஸில் வைத்த படம். மடியில் இருந்த உன்னை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவசரவேலை, துப்பில்லாத வேலை. உன் முகம் போய்விட்டது, உன் கை மட்டும் மாமாவின் தோளில் ஒட்டிக்கொண்டு இருந்தது. ஐந்து சின்ன விரல்கள், ஒரு கருப்பு வளையல். இந்தக் கூட்டத்துக்கு ஒரு படத்தைக்கூட ஒழுங்காக வெட்டத் தெரியாது பாப்பா. திருடுவதிலாவது கொஞ்சம் தொழில் சுத்தம் வேண்டாமா?

அந்த எண்ணுக்கு நானே மாமாவின் போனிலிருந்து அடித்தேன். உடனே எடுத்தாள்.

"சொல்லுங்க தாய்மாமா! கெளம்பிட்டீங்களா?"

"தாய்மாமன் இல்ல. மாப்பிள்ளை பேசுறேன்."

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. நிஜமாகவே கேட்டது.

"ஓ, சாரா? சார் பேரு கீழ இருக்கு. நெட்வொர்க் இன்ஜினியர். வணக்கம் சார்."

"பத்திரிகைய முன்னாடி வச்சுக்கிட்டுத்தான் பேசுறியா?"

"பாப்பா ரொம்ப அழகு சார். பாப்பா பேர்ல ஒரு நாள் அன்னதானம் போடலாமே சார். சாருக்கு ரசீது குடுத்துருவோம்."

"ஒங்க காப்பகம் எங்க இருக்கு? இப்ப வாரேன். வாசல்ல நில்லு."

"சார் கோபமா இருக்கீங்க. பிள்ளைங்க விஷயம் சார், கோபப்படாதீங்க." வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் போகவில்லை.

இந்தத் தொழிலைப் பற்றி நீ யாரிடமாவது கேட்டால், ஹேக்கிங், செயற்கை அறிவு, சர்வதேசக் கும்பல் என்று கண்ணை விரித்துக்கொண்டு சொல்வார்கள். நான் அந்தத் துறையில் இருப்பவன், சொல்கிறேன். இதில் ஒரு மண்ணும் கிடையாது. அச்சடித்த பத்திரிகையை மேலிருந்து கீழே படிக்கத் தெரிந்தால் போதும். உன் பத்திரிகையில் எண் இருந்த நாற்பது பேருக்கும் அடித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராக விசாரித்தேன். பாதிப்பேர் எடுக்கவில்லை. மீதிப்பேர் ராங் நம்பர் என்று கத்திவிட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே ஒருவர்தான் பதில் சொல்லியிருக்கிறார், சாப்பிட்டீர்களா என்று விசாரித்திருக்கிறார், பிள்ளைகளின் பெயரைக் கேட்டிருக்கிறார். அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் தேடுவது முட்டாளை என்று நினைக்காதே. எதிர்முனையில் இருக்கிறவரை மனுஷராக நினைத்துக் கடைசிவரை கேட்கிறவரைத் தேடுகிறார்கள். மாமாவைப் போல மெதுவாக யோசிக்கிறவர், தனியாக இருக்கிறவர், கண் மங்கியவர், நாள் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாதவர். அப்படிப்பட்ட ஒருவரிடம் அனாதைப் பிள்ளைகளைக் காட்டி மாட்டை விற்கவைப்பதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் இல்லை. தெருநாய்கூடத் தனக்குச் சோறு வைக்கிற கையை முகர்ந்துவிட்டுத்தான் கடிக்கும்.

நம்மைப் பாதுகாக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய லட்சணத்தையும் கேள். போன் அடித்தால் மணிச் சத்தத்துக்கு முன்னால் ஒரு குரல் வரும். 'எச்சரிக்கையாக இருங்கள், தெரியாத நபர்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள்.' மாமா அந்தப் பெண்ணுக்கு அடித்த ஒவ்வொரு தடவையும் அந்தக் குரலை முழுசாகக் கேட்டிருக்கிறார். கேட்டு முடித்ததும் "சரிங்கம்மா" என்று பதில் சொல்லியிருக்கிறார். பிறகு தன்னைத் தாய்மாமா என்று கூப்பிடுகிறவளோடு பேசியிருக்கிறார். அவள் எப்படித் தெரியாத நபர் ஆவாள்? போலீஸில் புகார் கொடுத்தோம், எழுதிக்கொண்டார்கள். பணம் நாலு கணக்கு தாண்டிவிட்டது, அனுப்பிய உடனே சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார்கள். உண்மைதான். ஏமாந்தது தெரிந்தவுடன் புகார் எண்ணுக்கு அடிக்கவேண்டும், அழுவது வெட்கப்படுவது எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று உனக்கும் சொல்லிவைக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் மாமாவை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். காப்பகம் இல்லை, விழா இல்லை, எல்லாம் பொய். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். டீ ஆறியது. நான் வழக்கம்போல் அவசரப்பட்டு, "புரிஞ்சுச்சா இல்லையா மச்சான்?" என்றேன்.

"அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு யாரு மாப்ள காது குத்துவா?"

"அந்தப் பிள்ளைகளே கெடையாது மச்சான்."

"போட்டாவுல இருக்குதுகளே."

"அது எங்கயோ இருந்து எடுத்த போட்டா."

ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார். "எங்கயோ இருக்குதுகல்ல?"

எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அவர் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு பட்டன் போன் வாங்கிக் கையில் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நீ மிக்சர்க் கிண்ணத்தோடு வந்து என் போனுக்கு முன்னால் உட்கார்ந்தாய். அது அடிக்கவில்லை. கருப்புத் திரைக்கு ஒரு மிக்சரை ஊட்டினாய். உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"பெருசா சாதிச்சுட்டீக. திருடன் மாட்டக் கொண்டுபோனான். நீங்க மருமகளக் கொண்டுபோயிட்டீக."

"அப்ப அந்தப் போன அவருகிட்டயே விட்டுட்டு வரச் சொல்றியா?"

"அத எப்படிக் குடுக்கணும்னு யோசிக்கத்தான ஒங்கள இன்ஜினியருக்குப் படிக்க வச்சாக?"

யோசித்தேன். மறுநாள் உசிலம்பட்டிக்குப் போய்ப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். எண்ணை மாற்றினோம். பெயர் பதிந்து வைத்திருக்கிறவர்கள் கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும், மற்றவை சத்தமில்லாமல் போய்விடும். ஆப்போடு இணைந்த கணக்கில் ஒரு வாரச் செலவுக்கு மேல் இருக்காது. பால் பணம் போகிற கணக்கு வேறு, அதில் எடுக்க உன் அம்மாவும் கையெழுத்துப் போடவேண்டும். அரை மணி நேர வேலை. போனை வாங்கிக்கொடுத்த அன்றே செய்திருக்கலாம். கடைசியாக ஒன்று சொன்னேன். யார் என்ன கேட்டாலும் எனக்கோ தங்கச்சிக்கோ ஒரு போன் போட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும்.

"நான் என்ன சின்னப்புள்ளயா மாப்ள?"

"எனக்கும் அதே கணக்குத்தான் மச்சான். எங்கிட்ட எவன் கேட்டாலும் ஒங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன்."

சும்மா சொன்னதில்லை. போன வாரம் எவனோ ஒருவன், குழந்தைக்கு இதய ஆபரேஷன் என்று எனக்கு அடித்தான். மாமாவுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல் யோசித்தார். பிறகு, "ஆள நேர்ல பாத்தீகளா மாப்ள?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்க, போயிட்டு வருவோம்" என்றார். ஆஸ்பத்திரி பெயரைக் கேட்டேன். அவன் வைத்துவிட்டான்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உன் தம்பியின் விழாவுக்கு நாள் குறிக்க நம் வீட்டில் கூடினோம். உன் அம்மாவின் சித்தப்பா வந்திருந்தார். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, நாளிதழை விளம்பரம் வரை படிக்கிறவர். மாமா கதவோரம் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் அங்கே இல்லாததுபோலவே சித்தப்பா பேசினார்.

"இந்தக் கூறுகெட்ட பயல முன்னாடி நிறுத்தி மறுபடியும் நாம நாறணுமா? ஊரே சிரிக்குது. எம்மவன் மெட்ராஸ்ல இருந்து வாரான். அவனும் பிள்ளைக்கு மாமன் முறைதான. அவன் மடியில வச்சுக் குத்துவோம். பத்திரிகையிலயும் அவன் பேரு போட்டா லட்சணமா இருக்கும்."

உன் அம்மா தண்ணீர்ச் செம்பை அவர் முன்னால் வைத்தாள். "ஒங்க தேக்கு மரம் எம்புட்டு ஒசரம் வளந்துருக்கு சித்தப்பா?"

சித்தப்பா ஓய்வுபெற்ற பணத்தில் பாதியை, ஆளுக்கு நூறு தேக்குக் கன்று வளர்த்துத் தருகிறோம் என்று பளபள காகிதத்தில் அச்சடித்துக் காட்டிய ஒரு கம்பெனியில் போட்டவர். மரமும் இல்லை, கம்பெனியும் இல்லை.

"அது வேற கத. அது கம்பெனிக்காரன் மோசம் பண்ணது."

"ஒங்கள மோசம் பண்ணா கம்பெனி குத்தம். எங்கண்ணன மோசம் பண்ணா எங்கண்ணன் குத்தம். அப்படித்தான?"

சித்தப்பா தண்ணீரைக் குடித்தார். பேராசையில் ஏமாந்தவன் படித்தவன், இரக்கத்தில் ஏமாந்தவன் கூறுகெட்டவன் என்கிற இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்களோ தெரியவில்லை. அந்தப் போன்காரியைவிட இவர்கள் மேல்தான் எனக்கு அருவருப்பு அதிகம். அவள் வயிற்றுப்பிழைப்புக்குச் செய்கிறாள் என்றாவது வைத்துக்கொள்ளலாம். இவர்கள் சிரிப்பதற்குச் சம்பளம்கூடக் கிடையாது. இவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்துதான் ஏமாந்தவர்கள் வாய் திறப்பதில்லை.

நானும் உன் அம்மாவும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது கதவோரத்திலிருந்து மாமா பேசினார்.

"சித்தப்பா சொல்றதும் சரிதான் மாப்ள. ஏம்பேரு வேணாம். பேரப் போட்டா மறுபடியும் அவுகளுக்குத் தெரிஞ்சுரும். இவளக் கத்திரிச்ச மாதிரி பயலையும் கத்திரிச்சுப்புடுவாக. நான் தள்ளி நின்னு பாத்துக்கிறேன்."

அதுவரை என் கணக்கில் ஒரு பசுமாடுதான் போயிருந்தது. அந்த நிமிஷம்தான் உண்மையில் என்ன போனது என்று தெரிந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை முதல் வரியில் நின்ற மனுஷர், உன் தம்பியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, தானே அந்த வரியிலிருந்து இறங்குகிறார். அவர் மடியைவிட ஒரு மெட்ராஸ் மடி பத்திரம் என்று நம்புகிறார். நான் எவ்வளவோ சொன்னேன். உன் அம்மா திட்டினாள், அழுதாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நீ அவர் தோளில் தூங்கிவிட்டிருந்தாய்.

உனக்குப் போன் வரும் பாப்பா. உன்னை எப்படிக் கூப்பிட்டால் நீ உருகுவாய் என்று தெரிந்த எவனாவது அப்படியே கூப்பிடுவான். உன் பெயர் தெரிந்திருப்பதால் அவன் உனக்குத் தெரிந்தவன் ஆகிவிடமாட்டான். போனை வை. நீயாகத் தேடிப்பிடித்த எண்ணுக்கு நீயே அடி. கொடுக்க மனம் இருந்தால் நேரில் போய்க் கொடு. யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும் அந்த நிமிஷமே வீட்டில் எல்லாரிடமும் சொல். நீ தப்பித்துவிட்டால் அதற்காகப் பீற்றிக்கொள்ளாதே. உன் கூட இருக்கிறவர்களில் மெதுவாக யோசிக்கிறவர் யார், தனியாக இருக்கிறவர் யார் என்று பார்த்து, அவர்கள் போனை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார். ஒருவர் ஏமாந்துவிட்டால் உன் வாயிலிருந்து வரவேண்டிய முதல் வார்த்தை 'சாப்பிட்டீங்களா' என்பதுதான். 'எப்படி ஏமாந்தீங்க' என்பது எப்போதும் வேண்டாம். இதற்கு மேல் எனக்குப் புத்திமதி சொல்லத் தெரியாது. வேலைதான் தெரியும். ஆகவே செய்யப்போவதைச் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறேன்.

1. இந்த மாதிரி அச்சில் முப்பத்து மூன்று எண்களையும் சிவப்பு மையால் அடிப்பேன். சித்தப்பா எண்ணையும்தான். சாப்பிடாமல் போகிறவர்கள் போகட்டும், இலை மிச்சம்.

2. பிளக்ஸ் கிடையாது. உன் முகமும் உன் தம்பி முகமும் எந்த ரோட்டு முக்கிலும் தொங்காது.

3. சனிக்கிழமை மாமாவோடு சந்தைக்குப் போவேன். மாட்டை அவர் பார்ப்பார். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

4. மதுரையைச் சுற்றி நிஜமாக இருக்கிற காப்பகம் ஒன்றைக் கண்டுபிடிப்பேன். அவரைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் கூட்டிக்கொண்டுபோவேன். அந்தக் கவுன்கள் இன்னும் தாம்பாளத்தில்தான் இருக்கின்றன. உடைந்த வளையலுக்குப் பதில் வேறு வாங்கியாகிவிட்டது. 'எங்கயோ இருக்குதுகல்ல' என்று கேட்டார். இருக்கின்றன என்று காட்டவேண்டும்.

5. பத்திரிகையின் முதல் வரி: தாய்மாமன் வீரணன். போன தடவையைவிட இரண்டு அளவு பெரிய எழுத்து.

6. நாளை உசிலம்பட்டிக்குப் போய் அவரை மறுபடி கேட்பேன். முடியாது என்றால் அடுத்த வாரம் போவேன். அதற்கடுத்த வாரமும் போவேன். அவர் பதிலோடு வெளியே வரும்வரை, என் வாழ்க்கையில் முதல் முறையாக, அவசரப்படாமல் உட்கார்ந்திருப்பேன்.

7. அவர் உட்காராவிட்டால் விழா இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்துபோய் உன் தம்பியின் காதைப் பார். ஓட்டை இருந்தால், மாமா மடி கொடுத்துவிட்டார் என்று அர்த்தம்.